ஏ/எல் இல்லாமல் இங்கே யூனிவேர்சிட்டி போக ஏலுமா?

வாசகி ஒருவர் கேட்டது, 8 செப்டெம்பர் 2024

எனக்கு 38 வயது. இலங்கையில் ஓ/எல் (பதினோராம் வகுப்புச் சோதனை) எடுத்தேன், ஏ/எல் (யூனிவேர்சிட்டி நுழைவுச் சோதனை) இல்லை. பிறகு சண்டை, பிறகு கலியாணம், பிறகு லண்டன். ஒன்பது வருடமாக முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நர்சிங் படிக்க ஆசை. கோயிலில் ஒரு அங்கிள், "ஏ/எல் இல்லாமல் கம்பஸ் வாசல் மிதிக்க ஏலாது, நீர் பிள்ளைகளைப் படிப்பியும்" என்று சொல்லிவிட்டார். உண்மையா? பிள்ளைகளுக்கு 7, 11 வயது.

பதில், 8 செப்டெம்பர் 2024, இரவு

அங்கிளுக்குத் தெரியாது. எனக்கு ஓ/எல்லும் இல்லை. சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் 1995. அந்த ஒக்டோபர் முப்பதாம் திகதி இரவு, சண்டையால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க நடந்தது, நானும் நடந்தேன். இங்கே வந்து இருபது வருடம் பெற்றோல் ஸ்டேஷன். 42 வயதில் திருப்பிப் படிக்கப் போனேன். இப்போது ரேடியோகிராஃபி (எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு) கடைசி வருடம்.

போன வழி அக்சஸ் கோர்ஸ். முழுப் பெயர் அக்சஸ் டு ஹையர் எடியுகேஷன் டிப்ளோமா. பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பெரிய ஆட்களுக்கென்றே 1970களின் கடைசியில் தொடங்கிய ஏற்பாடு. பக்கத்துக் கொலிஜில் ஒரு வருடம். மொத்தம் 60 கிரெடிட், அதில் 45 லெவல் 3, அதாவது ஏ/எல் மட்டம். அந்த 45-க்குத்தான் பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரம் போடுவார்கள். யூனிவேர்சிட்டி பார்ப்பதும் அதைத்தான். எனக்கு வந்த நிபந்தனை 15 டிஸ்டிங்ஷன், 30 மெரிட். கூடவே கணக்கிலும் இங்கிலீஷிலும் ஜி.சி.எஸ்.இ. (இங்கே பதினாறு வயதில் எடுக்கும் பள்ளிச் சோதனை) 4. பழைய ஆட்கள் சி என்று சொல்வது அதுதான்.

கணக்கு ஜி.சி.எஸ்.இ. கட்டாயம். அதை முதலில் முடியுங்கள்.

9 செப்டெம்பர் 2024

காசு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். அக்சஸ் கட்டணம் மூவாயிரம் பவுணுக்கு மேல் வரும். பத்தொன்பது வயது தாண்டினால் அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் எடுக்கலாம். வீட்டு வருமானம் பார்க்க மாட்டார்கள், கடன் வரலாறும் பார்க்க மாட்டார்கள். அக்சஸுக்கு எடுத்த லோனுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: பிறகு யூனிவேர்சிட்டிப் படிப்பை முடித்தால் மிச்சக் கடனைத் தள்ளிவிடுவார்கள். இதை நான் கொலிஜ் மேசையில் கேட்டபோது நம்பவில்லை. இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

ஆனால் அந்த ஒரு வருடம் சாப்பாட்டுக்கு யாரும் லோன் தர மாட்டார்கள். லோன் கட்டணத்துக்கு மட்டும். நான் கிழமைக்கு நாலு இரவு பெற்றோல் ஸ்டேஷனில் நின்றேன். இரவு இரண்டு மணிக்குப் பிறகு கார் வராது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து உயிரியல் புத்தகம் வாசித்தேன். சிகரெட் வாங்க வந்த ஒருவர் கலத்தின் படத்தைப் பார்த்துவிட்டு "மைட்டோகாண்ட்ரியா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

9 செப்டெம்பர் 2024, பின்னேரம்

ஒன்று விட்டுப் போச்சு. பிரி-அக்சஸ் என்று ஒன்று இருக்கிறது, அது வேறு. ஃபவுண்டேஷன் இயர் வேறு, ஃபவுண்டேஷன் டிகிரி வேறு. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். நீங்கள் சேருவது கியூ.ஏ.ஏ. (உயர்கல்வித் தரம் பார்க்கும் அமைப்பு) அங்கீகரித்த டிப்ளோமாதானா என்று கேளுங்கள். நல்ல கொலிஜ் என்றால் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்கள்.

14 செப்டெம்பர் 2024

நான் பிழை. கணக்கு ஜி.சி.எஸ்.இ. கட்டாயம் என்று எழுதியதற்கு இரண்டு பேர் மறுத்திருக்கிறார்கள், இரண்டு பேரும் சரி. ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்று ஒரு சோதனை இருக்கிறது. கடைக்கணக்கு, அளவு, அட்டவணை, அப்படியான கணக்கு. சில யூனிவேர்சிட்டிகள் நர்சிங்குக்கு அதை ஏற்கின்றன. சிலது ஏற்காது. என்னுடையது ஏற்கவில்லை, அதனால் உலகத்தில் எதுவுமே ஏற்காது என்று நினைத்துவிட்டேன். ஆனால் பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஜி.சி.எஸ்.இ.யே எடுங்கள். அங்கே ஃபங்ஷனல் ஸ்கில்ஸை வைத்து வாதாடி நேரம் போகும்.

இரண்டுமே இந்தத் தரம் இல்லாத பெரிய ஆட்களுக்கு இலவசம்.

அப்புறம் தங்கச்சி, உங்கள் ஓ/எல் பெறுபேற்றுத் தாளை எறிந்துவிடாதீர்கள். பிறநாட்டுத் தகுதியை ஒப்பிட்டுச் சொல்ல யு.கே. எனிக் என்ற அமைப்பு இருக்கிறது. முன்பு நாரிக் என்று பெயர். காசு கட்டினால் ஒப்பீட்டுக் கடிதம் தருவார்கள். ஆனால் அதற்குக் காசு கட்ட முதல், போக நினைக்கும் யூனிவேர்சிட்டிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "இந்தத் தாளில் கணக்குக்கு இந்தத் தரம் இருக்கிறது, ஏற்பீர்களா?" என்று இரண்டு வரி. ஃபோனில் கேட்காதீர்கள். ஃபோனில் சொன்னவர் அடுத்த மாதம் அங்கே இருக்க மாட்டார்.

22 செப்டெம்பர் 2024

சென்னையிலிருந்து வந்த தம்பி ஒருவர் நடுவில் கேட்டது: "எனக்கு இந்தியாவில் எடுத்த பி.காம். இருக்கிறது, இங்கே யாரும் மதிப்பதில்லை. அதைச் சொல்லாமல் விட்டு, ஒன்றுமே படிக்காதவன் போல அக்சஸ் செய்து சட்டம் படிக்கலாமா?"

செய்யாதீர்கள். இங்கிலாந்தில் ஒரு பட்டம் இருந்தால் அதே மட்டத்திலோ கீழேயோ இன்னொன்றுக்கு ஸ்டூடன்ட் ஃபினான்ஸ் (அரசின் மாணவர் கடன் அமைப்பு) பொதுவாக லோன் தராது. ஈ.எல்.கியூ. விதி என்பார்கள். பட்டம் எந்த நாட்டில் எடுத்தது, எவர் காசில் படித்தது என்பதெல்லாம் கணக்கில்லை. விண்ணப்பத்தில் முந்தைய படிப்பைக் கேட்பார்கள். மறைத்தால் அது பொய் வாக்குமூலம். கண்டுபிடித்தால் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

கொடுமை என்னவென்றால், வேலைக்குப் போகும்போது அந்தப் பி.காம். ஒரு கடதாசி. லோன் கேட்கும்போது மட்டும் அது பட்டம்.

வழி இல்லாமல் இல்லை. நர்சிங், மிட்வைஃபரி, ரேடியோகிராஃபி போன்ற மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. என் வகுப்பில் கேரளத்து அக்கா ஒருவர் எம்.ஏ. முடித்தவர், லோனில்தான் படிக்கிறார். ஆசிரியர் பயிற்சிக்கும் தனி ஏற்பாடு. உங்களுக்குச் சட்டம்தான் வேண்டும் என்றால் ஏன் திருப்பி முதலாம் வருடத்திலிருந்து? பட்டம் உள்ளவர்களுக்கு மாற்றுப் படிப்பு ஒரு வருடத்தில் இருக்கிறது. பி.காமை மறைக்காமல் தூக்கிக் காட்டுங்கள்.

3 ஒக்டோபர் 2024

விசா பற்றி ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒரேயடியாகச் சொல்கிறேன். லோனுக்குப் பொதுவாக நிரந்தர வதிவிடம் வேண்டும், படிப்புத் தொடங்க முதல் மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அந்த மூன்று வருடக் காத்திருப்பு இல்லை. இது நம்மவர்களில் கனக்கப் பேருக்குத் தெரியாது. சும்மா மூன்று வருடம் இருந்திருக்கிறார்கள். கணவன் அல்லது மனைவி விசாவில் நிரந்தர வதிவிடம் வர முதல் இருப்பவர்களுக்குப் பொதுவாக லோன் கிடையாது. அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராமல் காத்திருப்பவர்களுக்கு சில யூனிவேர்சிட்டிகள் சாங்சுவரி ஸ்கொலர்ஷிப் கொடுக்கின்றன, இடம் குறைவு, ஆனால் இருக்கிறது.

கொலிஜின் விதி வேறு, யூனிவேர்சிட்டியின் விதி வேறு. ஒன்றில் இல்லை என்றால் மற்றதிலும் இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் நான் எழுதும் காசுக் கணக்கை நம்ப வேண்டாம். அங்கே முதல் பட்டத்துக்குக் கட்டணத்தை அரசே கட்டும், அக்சஸும் ஸ்வாப் என்ற வேறு பெயரில் நடக்கிறது.

19 ஒக்டோபர் 2024

இன்று பிளேஸ்மென்ட் (மருத்துவமனைப் பயிற்சி) இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாக.

"எங்களால் படிப்பு ஏறுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படிப்பு ஏறும். எழுதுவதுதான் என்னைக் கவிழ்த்தது. முதல் கட்டுரை, தொற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று 1,500 சொல். இரண்டு கிழமை பாடமாக்கினேன். எங்கள் ஊரில் படித்த முறை அப்படித்தானே, நோட்ஸைப் பாடமாக்கி, பிழையில்லாமல் கக்க வேண்டும். வடிவாக எழுதிக் கொடுத்தேன். திருப்பி வந்தபோது ஓரத்தில் ஒரே கேள்வி, ஒவ்வொரு பந்திக்கும்: "யார் சொன்னது?" "யார் சொன்னது?" பதினொரு இடத்தில்.

எனக்குப் பயங்கரக் கோபம். நான் சொன்னேன், வேறு யார்? மனிசியிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, "சரி, யார் சொன்னது?" என்றாள்.

பிறகு டியூட்டர் இருத்திவைத்துக் கதைத்தார். எங்களுக்குப் புத்தகத்தில் இருப்பதை மனத்திலிருந்து எழுதினால் கெட்டிக்காரன். இங்கே அதையே எழுதினால், எங்கிருந்து எடுத்தாய் என்று சொல்லாவிட்டால் களவு. ஆசிரியர் பெயர், வருடம், பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அதைச் செய்தாலும் போதாது. இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார்கள். மருத்துவப் புத்தகம் எழுதியவருக்கு எதிராக, பெற்றோல் அடித்தவன் என்ன நினைப்பது? அந்தக் கூச்சம் போக எனக்கு ஆறு மாதம் எடுத்தது.

அக்சஸ் கோர்ஸால் எனக்குக் கிடைத்த பெரிய பயன் அந்தப் பதினொரு கேள்விதான். நேரே முதலாம் வருடத்தில் போய் இதைப் பட்டிருந்தால் கிறிஸ்மஸுக்கு முதல் விட்டிருப்பேன்.

20 ஒக்டோபர் 2024

மேலே எழுதியதை விடியத் திருப்பி வாசித்தேன். பாடமாக்குவதை ஒரேயடியாக ஏசிவிட்டேன். எலும்புகளின் பெயரைப் பாடமாக்கத்தான் வேண்டும். மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்பு. அந்தச் சோதனையில் என் வகுப்புப் பிள்ளைகள் திணறியபோது நான் ஒரு பிழையும் விடவில்லை. திருக்குறள் அதிகாரம் அதிகாரமாக ஒப்புவித்த தலை.

2 நவம்பர் 2024

இவ்வளவு எழுதியும் கேள்வி கேட்ட தங்கச்சிக்கு நேர்ப் பதில் ஒன்றை நான் சொல்லவே இல்லை. ஒரு அக்கா இதைச் சொல்லிக் குட்டினார், நல்ல குட்டு.

ஒன்பது வருடம் பராமரிப்பு வேலை செய்தவர் வேலையை விட்டுத்தான் படிக்க வேண்டும் என்றில்லை. நர்சிங் அசோசியேட் என்று ஒரு படி இருக்கிறது. இங்கிலாந்தில் மட்டும்தான், 2019 முதல் என்.எம்.சி. (நர்ஸ்மாரைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவோடு. பெரும்பாலும் இரண்டு வருடம், சம்பளத்தோடு அப்ரெண்டிஸாக (வேலை செய்துகொண்டே படிப்பவராக) செய்யலாம், கட்டணம் உங்கள் பையிலிருந்து இல்லை. அதை முடித்தால் அங்கிருந்து சுருக்கிய வழியில் முழு நர்ஸ். நேரே நர்ஸ் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப்பும் உண்டு. கஷ்டம், ஒரு முதலாளி உங்களை எடுக்க வேண்டும். மருத்துவமனை ட்ரஸ்ட்டுகளின் வேலைப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் இல்லத்தின் மனேஜரிடமும் கேளுங்கள். இங்கும் கணக்கும் இங்கிலீஷும் பெரும்பாலும் லெவல் 2 கேட்பார்கள்.

நான் அக்சஸ் வழியில் போனதால் அக்சஸை மட்டும் விற்றுக்கொண்டிருந்தேன்.

10 நவம்பர் 2024

மூன்றாவது வழியையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குட்ட வேண்டாம். ஓப்பன் யூனிவேர்சிட்டி. 1969-இல் அரச சாசனம், 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள், அப்போது பாடம் நடு இரவிலும் விடியவும் பி.பி.சி.யில் வந்ததாம். இன்றும் பெரும்பாலான பாடங்களுக்கு நுழைவுத் தகுதி ஒன்றும் கேட்பதில்லை. ஓ/எல் கேட்க மாட்டார்கள், ஏ/எல் கேட்க மாட்டார்கள். பயமாக இருந்தால் முதலில் 30 கிரெடிட் அக்சஸ் மொடியூல் ஒன்று எடுத்துப் பார்க்கலாம். வருமானம் குறைந்தவர்கள் அதை இலவசமாகவே செய்ய வழி உண்டு. பட்டத்துக்கு மொத்தம் 360 கிரெடிட். வருடத்துக்கு 60 என்றால் ஆறு வருடம், கிழமைக்குப் பதினாறு பதினெட்டு மணித்தியாலம்.

கவனிக்க: இந்த அக்சஸ் மொடியூலும் நான் செய்த அக்சஸ் டிப்ளோமாவும் ஒன்றல்ல. பெயர் வைத்தவர்களுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லைப் போல.

லண்டனில் பகலில் வேலை என்றால் பர்க்பெக்கையும் பாருங்கள். 1823-இல் தொழிலாளர்களுக்கென்று தொடங்கியது, வகுப்புகள் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல்.

24 நவம்பர் 2024

கிழமைக்கு இரண்டு நாள் வகுப்பு, சோதனை இல்லை, கையில் பதினாலாயிரம் என்று ஃபோன் வருகிறதா? எனக்கும் வந்தது, 2020-இல். நம்மவர்தான், வாய் நிறைய அண்ணை அண்ணை. பிஸ்னஸ் மனேஜ்மென்ட், ஒரு கடைத்தொகுதிக்கு மேல்மாடியில் கொலிஜ், பட்டம் மட்டும் தூரத்து யூனிவேர்சிட்டியின் பெயரில். நுழைவுக் கட்டுரையைத் தாங்களே எழுதித் தருகிறோம் என்றார். அதற்குமேல் கதைக்கவில்லை. என் நண்பன் கதைத்தான். முதல் வருடம் முடிய முதல் கொலிஜ் வகுப்பைக் குறைத்தது, அவன் வேலையைக் கூட்டினான், வருகை போதாது என்று நிறுத்திவிட்டார்கள். கடன் அவன் பெயரில். அதைவிடக் கெடுதல், அவன் பாவித்த வருடம். லோன் கணக்கு பொதுவாகப் படிப்பின் நீளம், அதோடு ஒரு வருடம், அதிலிருந்து முன்பு படித்த வருடங்கள் கழியும். இப்போது அவனுக்கு உண்மையாகப் படிக்க ஆசை வந்திருக்கிறது.

வேறு யூனிவேர்சிட்டியின் பெயரில் பட்டம் தரும் எல்லாக் கொலிஜும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் 2024 ஜனவரியில் தேசியத் தணிக்கை அலுவலகமே இந்த ஒப்பந்தக் கொலிஜ்களில் நடக்கும் லோன் மோசடி பற்றித் தனி அறிக்கை போட்டது. படிப்பு உங்களைத் தேடி ஃபோன் எடுக்காது. எடுத்தால் வையுங்கள்.

8 டிசெம்பர் 2024

நர்சிங்கில் காசு என்னென்ன வரும் என்று கேட்டதற்கு. முழுநேரம் என்றால் கட்டண லோன், வாழ்க்கைச் செலவு லோன். என்.எச்.எஸ். (அரச மருத்துவச் சேவை) லேர்னிங் சப்போர்ட் ஃபண்டிலிருந்து வருடம் 5,000 பவுண், திருப்பிக் கட்டத் தேவையில்லை. பதினைந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இன்னும் 2,000. ஸ்டூடன்ட் ஃபினான்ஸில் சைல்ட்கேர் கிராண்ட் என்று ஒன்று, வருமானம் பார்த்து, பிள்ளை பார்க்கும் செலவில் 85 சதவீதம் வரை.

யூனிவேர்சல் கிரெடிட் (அரச உதவிப் பணம்) எடுப்பவர்கள்: வாழ்க்கைச் செலவு லோன் வருமானமாகக் கணக்கில் வரும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வரும். நான் முதல் வருடம் இதை நேரத்துக்கு அறிவிக்காமல் விட்டு, மாதாமாதம் திருப்பிக் கட்டினேன். என் பிழைதான், வேறு யாரையும் ஏச முடியாது. கேரர்ஸ் அலவன்ஸ் (ஒருவரைப் பராமரிப்பவருக்கான உதவிப் பணம்) எடுப்பவர் முழுநேரம் படித்தால் அது நிற்கும்.

நேரத்தைத்தான் யாரும் எழுதுவதில்லை. நர்சிங்குக்கு 2,300 மணித்தியாலம் நடைமுறைப் பயிற்சி. வார்டில் நீள்நாள் என்றால் காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு எட்டு. ஏழு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது யார்? ஆறு மணிக்கு வீடு திறந்துவைக்கும் ஒரு மாமியோ சின்னம்மாவோ இருக்கிறாரா? இதற்குப் பதில் இல்லாமல் யூகாஸ் (யூனிவேர்சிட்டி விண்ணப்பத் தளம்) திறக்காதீர்கள்.

9 டிசெம்பர் 2024

கடைசி வரி கடுமையாகிவிட்டது என்று மனிசி சொல்கிறாள். திறவுங்கள். பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை. விண்ணப்பம் அனுப்பும்போதுதான் காசு, 2025 சேர்க்கைக்கு 28 பவுண் 50.

18 ஜனவரி 2025

கணக்கைப் பற்றிப் பயப்படும் எல்லோருக்கும். ஜி.சி.எஸ்.இ. கணக்கில் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் ஆகக்கூடியது 5 வரை எடுக்கலாம், உங்களுக்கு வேண்டியது 4. அதனால் கீழ் அடுக்குப் போதும், திறமை காட்ட மேலே ஏறாதீர்கள். மூன்று தாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி, முதல் தாளுக்குக் கல்குலேற்றர் இல்லை.

2022 மே மாதம், எனக்கு 43. மண்டபம் முழுக்க என் மகளின் வயதுப் பிள்ளைகள். என்னிடம் மகளின் பழைய துணிப் பென்சில் பை, மேலே பூனை. கண்காணிப்பாளர் வந்து, ஒளிபுகும் பைதான் கொண்டுவரலாம் என்றார். மேசைக்குக் கீழே வைக்கவும் விடவில்லை. பேனா, பென்சில், கவராயம், பாகைமானி எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். என் சாப்பாட்டுப் பை ஒன்று ஒளிபுகும் பைதான், மிக்சர் கொண்டுவந்தது. அதற்குள் போட்டேன். ஒன்றரை மணித்தியாலம் பாகைமானியில் ஓமவாசம். பக்கத்துப் பெடியன் மூன்று தரம் திரும்பிப் பார்த்தான்.

பெறுபேறு ஓகஸ்ட் 25. யூனிவேர்சிட்டி இடம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, வகுப்புத் தொடங்க மூன்றே கிழமை. 5 வந்தது. அக்சஸையும் கணக்கையும் ஒரே வருடத்தில் வைத்தது மடத்தனம். கணக்கை ஒரு வருடம் முந்தியே முடியுங்கள். இங்கிலீஷை நான் 2019-இலேயே முடித்திருந்தேன், அந்தப் புத்தி கணக்கில் வரவில்லை.

2 மார்ச் 2025

அப்பாவுக்கு 63, வரலாறு படிக்க வேண்டும் என்கிறார், லோன் வருமா என்று ஒரு மகள். கட்டண லோனுக்கு இப்போது மேல் வயது எல்லை இல்லை. வாழ்க்கைச் செலவு லோன் அறுபதில் மாறும், வருமானம் பார்த்துச் சிறு தொகை. ஆனால் 2027 ஜனவரியிலிருந்து தொடங்கும் படிப்புகளுக்கு லைஃப்லோங் லேர்னிங் என்டைட்டில்மென்ட் என்று புது ஏற்பாடு வருகிறது. அதற்கு 60 வயது எல்லை வைத்திருக்கிறார்கள். அதாவது அப்பா யோசித்துக்கொண்டிருந்தால் இப்போதே யோசித்து முடிக்கட்டும்.

கடனோடு சாவதா என்று அப்பா கேட்டாராம். செத்தால் கடன் ரத்து, பிள்ளைகளைத் தேடி வராது. 2023 ஓகஸ்டுக்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு வருட வருமானம் 25,000 பவுணைத் தாண்டிய பங்கில் மட்டும் 9 சதவீதம். 31,000 சம்பளம் என்றால் மாதம் 45 பவுண். ஓய்வூதியம் 25,000 வராத அப்பா ஒன்றும் கட்டப்போவதில்லை. மார்க்கைப் பற்றி மட்டும் கவலைப்படச் சொல்லுங்கள்.

6 யூலை 2025

முடிந்தது. இரண்டாம் வகுப்பு மேல்நிலை. வகுப்பில் என்னை அங்கிள் என்று கூப்பிட்ட ஒருத்தி பட்டமளிப்புக்குப் பெயர் கேட்டாள், மூன்று வருடம் கழித்து.

எச்.சி.பி.சி. (ரேடியோகிராஃபர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு வந்தபிறகுதான் வேலை தொடங்கலாம், காத்திருக்கிறேன். பழைய மனேஜர் அதுவரை இரவு ஷிஃப்ட் இருக்கிறது என்று ஃபோன் எடுத்தார். போகிறேன். காசு காசுதானே.

28 செப்டெம்பர் 2025

பாண்ட் 5-இல் (என்.எச்.எஸ். சம்பளப் படி) வேலை தொடங்கி மூன்று கிழமை. அக்சஸ் லோன் மிச்சம் பூச்சியம் என்று கடிதமும் வந்துவிட்டது, மேலே சொன்னதை இப்போது நம்புங்கள்.

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறார். ஒரு யூனிவேர்சிட்டி ஓ/எல் கணக்கை ஏற்றது, இங்கிலீஷை ஏற்கவில்லை. மின்னஞ்சலில் பதில் இருக்கிறது, அச்செடுத்து வைத்திருக்கிறாராம். அப்ரெண்டிஸ்ஷிப் இரண்டு தரம் கேட்டுக் கிடைக்கவில்லை. இந்த மாதம் அக்சஸில் சேர்ந்துவிட்டார், இங்கிலீஷ் ஜி.சி.எஸ்.இ. மாலை வகுப்பு. நான் செய்யாதே என்று சொன்ன அதே மடத்தனம், இரண்டும் ஒரே வருடத்தில். சொன்னால், "அண்ணா, எனக்கு வயது போகுது" என்கிறார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

16 நவம்பர் 2025

2026 சேர்க்கையிலிருந்து யூகாஸில் மாற்றம். நீளமாக ஒரே கட்டுரை இல்லை, மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் படிப்பு எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். எல்லாம் சேர்த்து 4,000 எழுத்துக்குள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. மூன்றாவது கேள்வி நம்மைப் போன்றவர்களுக்கென்றே போட்டது போல இருக்கிறது. "பராமரிப்பு வேலை செய்தேன்" என்று எழுதாதீர்கள். இரவு மூன்று மணிக்கு வீடு எங்கே என்று கேட்டு எழும்பும் கிழவிக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள், அதை எழுதுங்கள்.

2026 சேர்க்கைக்கு ஜனவரி 14, மாலை ஆறு மணி. உங்களைப் பற்றிய பரிந்துரையும் அதற்குள் ஏற வேண்டும், டியூட்டர் கிறிஸ்மஸுக்குப் போய்விடுவார். இப்போதே கேளுங்கள்.

பென்சில் பை எங்கே வாங்கினேன் என்று கேட்டவருக்கு: வாங்கவில்லை. மிக்சர் முடிந்த பையைக் கழுவுங்கள், போதும்.